மாடிக் கட்டடத்துக்கு ஒரு நியாயம், மலைக்கு ஒரு நியாயமா?

அன்பார்ந்த கொல்லிமலை விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! படிச்சுட்டு வேலைக்குக் காத்திருக்கும் தம்பி, தங்கைகளே!



மாசி, பங்குனியில் நம்ம மலையில் இருந்து குச்சிக்கிழங்கு லோடு 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போவதைப் பார்க்கிறோம். அதே ரோட்டில், அதே மாதத்தில், நம்ம பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போவதையும் பார்க்கிறோம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஒரு கூட்டம். கேரளா, குடகு பக்கம் மிளகு பறிக்க, காப்பிக்கொட்டை பறிக்க ஒரு கூட்டம். கரண்டி பிடிக்கவும், கல் சுமக்கவும் ஒரு கூட்டம். கிழங்கும் கீழே போகுது, புள்ளையும் கீழே போகுது. மேலே என்ன வருது? லாரி வாடகை ரசீதும், முன்பணக் கடனும்தான் வருது.

இந்த நேரத்தில்தான் அரசாங்கம் மார்தட்டிச் சொல்கிறது: தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பத்தில் முன்னேறுகிறது, சின்ன ஊருக்கும் ஐ.டி. வருகிறது என்று. வரட்டும். நாம் தடுக்கவில்லை. ஆனால் யார் காசில் வருகிறது? எந்த ஊர் வரைக்கும் வருகிறது? எந்த ஊரோடு நின்றுவிடுகிறது? இந்த மூன்று கேள்வியையும் கேட்கத்தான் இந்தத் துண்டறிக்கை. ஒருமுறை முழுசாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஐ.டி.க்கு அரசு கொடுத்தது என்ன? ஒரு சின்னக் கணக்கு

ஐ.டி. தொழில் தானாக முளைத்துத் தானாக வளர்ந்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது கதை. அந்தத் தொழிலுக்கு அரசாங்கம்தான் பாத்தி கட்டியது, அரசாங்கம்தான் தண்ணீர் பாய்ச்சியது.

1997-லேயே தமிழ்நாடு அரசு தகவல் தொழில்நுட்பத்துக்கு என்று தனிக் கொள்கை வெளியிட்டது. 2000-ஆம் ஆண்டு சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. கட்டியது யார்? டிட்கோவும் எல்காட்டும். இரண்டுமே அரசு நிறுவனங்கள். பிறகு அந்தக் கம்பெனிகள் போய்வர பழைய மாமல்லபுரம் சாலையை ஆறு வழிச் சாலையாக்கி ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தார்கள். நம்ம காரவள்ளி ரோட்டில் ஒரு மழைக்கு மண் சரிந்தால் அதை அள்ளிப் போட எத்தனை நாள் ஆகிறது என்று நாமே பார்த்தவர்கள்.

2005-இல் மத்திய அரசு சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. அந்த மண்டலத்துக்குள் வந்த கம்பெனிக்கு ஏற்றுமதி லாபத்தில் முதல் 5 வருடம் வருமான வரியே கிடையாது. அடுத்த 5 வருடம் பாதி வரி. 2020 வரைக்கும் உள்ளே வந்த கம்பெனிகளுக்கு இந்தச் சலுகை கிடைத்தது. இந்தச் சட்டத்தின் கீழ் எல்காட் நிறுவனம் சேலம் ஜாகீரம்மாபாளையம், திருச்சி நவல்பட்டு, மதுரை, ஓசூர், கோவை, திருநெல்வேலி கங்கைகொண்டான் என்று ஊர் ஊராக ஐ.டி. மண்டலம் அமைத்தது.

அதோடு நின்றதா? இல்லை. சின்ன நகரத்துக்கும் ஐ.டி. வரவேண்டும் என்று மினி டைடல் கட்டினார்கள். 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் ஒன்று. அதே வருடம் செப்டம்பரில் சேலம் கருப்பூரிலும் தஞ்சாவூரிலும் ஒவ்வொன்று. ஒவ்வொன்றுக்கும் செலவு 30 கோடி ரூபாய் சுமாருக்கு. கம்பெனிக்காரர் வந்து கம்ப்யூட்டரைச் சொருகி உட்கார வேண்டியதுதான் பாக்கி.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு ஒரு அறிவிப்பு செய்தது. வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகள் இங்கே வைக்கும் உலகளாவிய திறன் மையங்களில் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் உள்ள வேலையை உருவாக்கினால், அந்தச் சம்பளத்தில் முதல் வருடம் 30 சதவீதம், இரண்டாம் வருடம் 20 சதவீதம், மூன்றாம் வருடம் 10 சதவீதம் அரசாங்கமே மானியமாகக் கொடுக்கும் என்றது.

கணக்குப் போடுவோம். சம்பளம் ஒரு லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். முதல் வருடம் மாதம் 30,000. வருடத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். இரண்டாம் வருடம் 2 லட்சத்து 40 ஆயிரம். மூன்றாம் வருடம் 1 லட்சத்து 20 ஆயிரம். மூன்று வருடத்தில் ஒரு ஆளுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்! யாருக்கு? மாதம் ஒரு லட்சம் சம்பளம் கொடுக்கத் தெம்புள்ள கம்பெனிக்கு!

இந்தப் பக்கம் நம்ம கணக்கு. மத்திய அரசின் கிசான் திட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய். அதையும் மூன்று தவணையாகப் பிரித்து, பட்டா இருக்கா, ஆதார் சேர்ந்திருக்கா, கைரேகை விழுந்ததா என்று பத்து நடை நடக்க விட்டுத்தான் தருகிறார்கள். மூன்று வருடத்துக்கு 18,000. அங்கே 7 லட்சத்து 20 ஆயிரம், இங்கே 18,000. நாற்பது விவசாயக் குடும்பத்துக்குக் கொடுப்பதை ஒரே ஒரு நாற்காலிக்குக் கொடுக்கிறார்கள்!

இதை நாங்கள் பொறாமையில் சொல்லவில்லை. கம்பெனியில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்து வேலை செய்கிற பிள்ளையும் உழைப்பாளிதான். எங்கள் கேள்வி அந்தப் பிள்ளை மேல் இல்லை. கேள்வி அரசாங்கத்தின் தராசு மேல்.

அவர்களுக்குக் கொடுத்தால் ஊக்கம், நமக்குக் கொடுத்தால் இலவசமா?

வார்த்தையிலேயே வஞ்சனை இருக்கிறது. கம்பெனிக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் முதலீட்டு ஊக்கம். விவசாயிக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் இலவசம், கடன் சுமை, ஓட்டு அரசியல். 2006-இல் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்தார்கள். 2016-இல் சிறு, குறு விவசாயிகளுக்குச் செய்தார்கள். 2021-இலும் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு சிலர், கஜானா காலியாகிவிட்டது என்று புலம்பினார்கள். பத்து வருடம் வரி விட்டுக் கொடுத்ததைப் பற்றி அவர்கள் வாய் திறந்ததுண்டா?

இலவச மின்சாரம் வாங்கறீங்களே என்று நம்மைக் குத்திக் காட்டுகிறார்கள். 1990-இல் எல்லா விவசாயிக்கும் கிடைத்த அந்த உரிமையை, துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்து விவசாயிகள் வாங்கினார்கள். அது யாரும் போட்ட பிச்சை இல்லை. அதைக் காப்பாற்ற நாமும் நிற்போம். ஆனால் மலையில் இருக்கிறவனுக்கு அதனால் என்ன கிடைத்தது? நம்மில் பெரும்பாலோர் மானாவாரி. சரிவிலே கிழங்கு, ஓடைக்கரையில் கொஞ்சம் நெல்லு, நிழலில் மிளகு. மோட்டார் உள்ளவன் எத்தனை பேர்? சமவெளிக்காரனுக்கு என்று போட்ட சலுகையைக் காட்டி மலைக்காரன் வாயை அடைக்காதீர்கள்!

கிராமத்துக்கு என்று போட்ட திட்டமும் மலை ஏறவில்லை!

அய்யா, ஐ.டி. என்றால் நகரத்துக்குத்தான் சரிப்படும், மலையில் எப்படி என்று கேட்பார்கள். இதற்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கமே சொல்லிவிட்டது.

2010-இல் தமிழ்நாடு அரசு கிராமப்புற பி.பி.ஓ.வுக்கு என்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. கிராமத்தில் நிலையம் வைத்தால் முதலீட்டுக்கு மானியம், பயிற்சிக்கு மானியம் என்றது. பிறகு மத்திய அரசு டிஜிட்டல் இந்தியாவின் கீழ் பி.பி.ஓ. ஊக்குவிப்புத் திட்டம் கொண்டுவந்தது. 493 கோடி ரூபாய். நாடு முழுக்க 48,300 நாற்காலி. ஒரு நாற்காலிக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவி. பெரிய நகரங்களுக்குக் கிடையாது, சின்ன ஊருக்குத்தான் என்று விதி.

கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? நடந்தது என்ன? டெண்டர் விட்டார்கள். டெண்டர் எடுக்க யாரால் முடியும்? ஏற்கெனவே கம்பெனி நடத்துகிறவனால்தான் முடியும். அவன் எங்கே வைப்பான்? பஸ் நிலையம் பக்கம், பைபாஸ் பக்கம், இன்ஜினியரிங் காலேஜ் பக்கம் வைப்பான். வளப்பூர் நாட்டிலும் குண்டூர் நாட்டிலும் வந்து வைப்பானா? கம்பெனிக்காரனைக் குறை சொல்லிப் பயனில்லை. லாபம் இருக்கும் இடத்துக்கு அவன் போவான். ஆனால் லாபம் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோகத்தானே அரசாங்கம் மக்கள் வரிப்பணத்தை எடுத்துக் கொடுத்தது? அப்படியும் மலை அடிவாரத்திலேயே திட்டம் நின்றுபோனால் அந்தப் பணம் எதற்கு?

நம்ம 14 நாட்டில், 40 ஆயிரம் ஜனம் இருக்கிற இந்த மலையில், எங்களுக்குத் தெரிந்து அந்தத் திட்டங்களில் ஒரே ஒரு நாற்காலி கூட வந்து இறங்கவில்லை.

நம்ம பிள்ளைகள் படவில்லையா?

உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்து, ராசிபுரம், நாமக்கல், சேலம் என்று விடுதியில் கிடந்து, பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர், பி.சி.ஏ., டிப்ளமோ என்று முடித்த பிள்ளைகள் இன்றைக்கு ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அப்பன் ஆத்தா மிளகு விற்ற காசிலும், ஆடு விற்ற காசிலும் படித்தவர்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி. கம்ப்யூட்டர் படித்து முதல் வகுப்பில் தேறினாள். கீழே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. விடுதி வாடகை, சாப்பாடு, பஸ் செலவு போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தால் பகலில் தூங்க இடமில்லை. எட்டு மாதத்தில் உடம்பு கெட்டுத் திரும்பி வந்தாள். இப்போது கிழங்கு லோடு ஏற்றும் இடத்தில் எடைக் கணக்கு எழுதுகிறாள். கம்ப்யூட்டர் படித்த கையில் இன்றைக்குக் கரித்துண்டு! அவள் சொன்னது இதுதான்: "அதே வேலையை செம்மேட்டில் வெச்சிருந்தா நான் வீட்டுச் சோறு தின்னுட்டே செஞ்சிருப்பேன்."

இன்னொரு தம்பிக்கு நடந்தது வேறு. வீட்டில் இருந்தே டைப் அடிக்கலாம், டேட்டா என்ட்ரி வேலை, டெபாசிட் மட்டும் கட்டு என்று ஒருவன் போனில் பேசினான். கறவை மாட்டை விற்றுக் கட்டினார்கள். வேலையும் வரவில்லை, பணமும் வரவில்லை, அந்த நம்பரும் அடிக்கவில்லை. அரசாங்கம் வைக்க வேண்டிய இடத்தை காலியாக விட்டால் அங்கே மோசக்காரன் வந்து உட்காருவான். இதுதான் நடந்தது.

மலையில் முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள்!

திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடி ஒரு சாதாரண ஊர். சென்னை ஐ.ஐ.டி.யின் உதவியோடு தொடங்கிய தேசிக்ரூ என்ற நிறுவனம் 2000-களிலேயே அங்கே பி.பி.ஓ. நடத்திக் காட்டியது. வேலை செய்தவர்கள் அந்தப் பக்கத்து கிராமத்துப் பெண்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாவட்ட நிர்வாகமே முன்னே நின்று கிராமத்தில் பி.பி.ஓ. தொடங்க வழி செய்தது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011-இல் ஜோஹோ கம்பெனி அலுவலகம் வைத்தது. மலை அடிவாரத்துக் கிராமத்தில் இருந்து உலகத்துக்கு சாப்ட்வேர் போகிறது.

மலையிலேயே சின்ன மிஷின் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு ஊருக்குப் போகவே வேண்டாம். நம்ம சாமையை எடுத்துக்கொள்ளுங்கள். உரலில் போட்டு இடித்து இடித்து நம்ம பொம்பளைங்க கை காய்த்துப் போனதால்தான் பாதிப் பேர் சாமையை விட்டார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து இங்கே வேலை செய்து, விதை வங்கி வைத்து, ஊரிலேயே சின்ன அரவை மிஷின் கொடுத்த பிறகுதான் சில ஊரில் சாமையும் தினையும் தப்பிப் பிழைத்தது. கோடிக்கணக்கில் கட்டடம் கட்டவில்லை. தேவையான பொருளைத் தேவையான இடத்தில் வைத்தார்கள். அவ்வளவுதான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கவில்லை!

ஐ.டி. வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரன் தள்ளிவிடும் வேலையை நம்பி மட்டும் வாழ முடியாது. அவனுக்கு இன்னொரு நாட்டில் கூலி குறைந்தால் அங்கே போய்விடுவான். டைப் அடிப்பது, படிவம் நிரப்புவது, போன் எடுத்துப் பதில் சொல்வது இதெல்லாம்தான் கிராமத்து பி.பி.ஓ.வின் சோறு. இன்றைக்கு அந்த வேலையைத்தான் ஏ.ஐ. மிஷின் முதலில் கவ்விக்கொண்டு போகிறது. ஆகவே பத்து வருடம் முந்திய வேலையை இன்றைக்கு மலைக்கு அனுப்பி, நாளைக்கே பூட்டுப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அரசாங்கத்தின் சொந்த வேலை எத்தனை இருக்கிறது! நில ஆவணம், பழைய பதிவேடு, பழங்குடியினர் சான்று, ஆஸ்பத்திரிக் கணக்கு, வனத்துறைக் கணக்கு. இதையெல்லாம் வெளியில் காசு கொடுத்து ஏற்றுவதை நம்ம பிள்ளைகளிடம் கொடுத்தால் யார் கெட்டுப் போனார்கள்?

இன்னொரு எச்சரிக்கை. ஐ.டி. பூங்கா வைக்கிறோம், நிலம் கொடு என்று யாராவது வந்தால் ஏமாறாதீர்கள். ஏற்கெனவே எஸ்டேட் என்றும் ரிசார்ட் என்றும் நம்ம நிலம் கை மாறிக்கொண்டிருக்கிறது. அம்பது பேர் உட்கார்ந்து வேலை செய்ய நூறு ஏக்கர் வேண்டியதில்லை. சும்மா கிடக்கும் அரசுக் கட்டடம் ஒன்று போதும். நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே நிலத்தில் வாட்ச்மேன் வேலைக்கு நிற்கிற கதி நமக்கு வேண்டாம்!

கிழங்கும் தொழில்தான்! சாமையும் தொழில்தான்!

நம்ம முக்கியக் கோரிக்கைக்கு வருவோம். பிள்ளைக்கு வேலை வேண்டும். அப்பனுக்கு விலை வேண்டாமா?

மலையில் முன்பு சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விளைந்தது. காசு கிடைக்கும் என்று குச்சிக்கிழங்குக்கு மாறினோம். கிழங்கு முழுக்க சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளை நம்பி இருக்கிறது. விலையை யார் சொல்கிறார்கள்? ஆலை சொல்கிறது. மாவுச்சத்து பாயிண்ட்டை யார் அளக்கிறார்கள்? ஆலை அளக்கிறது. மண்ணுக்கு எவ்வளவு கழிவு? அதையும் ஆலையே கழிக்கிறது. எடையும் அவன், அளவும் அவன், விலையும் அவன். பிடுங்கின கிழங்கைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? இரண்டு மூன்று நாளில் கறுத்துப் போகும். 70 வளைவு இறங்கிய லோடு ஆலை வாசலில் நின்றால், அவன் சொன்ன விலைக்குத் தலையை ஆட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

சேலத்தில் 1981 முதல் சேகோசர்வ் இருக்கிறது. நல்ல அமைப்புதான். ஆனால் அது ஜவ்வரிசி உற்பத்தி செய்யும் ஆலைக்காரர்களின் கூட்டுறவு. கிழங்கு போடுகிறவனுக்கு அப்படி ஒரு கூட்டுறவு எங்கே? மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பட்டியலில் மரவள்ளி இல்லை. சாமை இல்லை. 2023-ஐ உலக சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை வரை போய் அறிவிக்க வைத்தார்கள். மேடையில் சாமைப் பாயசம் குடித்தார்கள். சாமை போட்டவனுக்கு விலை மட்டும் அறிவிக்கவில்லை!

அரசாங்கம் நினைத்தால் முடியாதா? முடியும். 2020-க்குப் பிறகு மரவள்ளியில் புது மாவுப்பூச்சி வந்து சேலம், நாமக்கல் மாவட்டமே வெளுத்துப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டில் இருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, பெருக்கி, 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வயலில் விட்டார்கள். கடுகளவு குளவி கண்டம் தாண்டி வந்தது! கண்டம் தாண்டிக் குளவியைக் கொண்டுவரத் தெரிந்த அரசாங்கத்துக்கு, கொல்லிமலைக்கு ஒரு எடை மேடையும் ஒரு பாயிண்ட் மிஷினும் கொண்டுவரத் தெரியாதா?

சிலர் கேட்கும் கேள்விக்கு நம் பதில்

ஐ.டி. வெளிநாட்டுப் பணம் கொண்டுவருகிறது, அதனால் கொடுக்கிறோம் என்கிறார்கள். மிளகும் காப்பியும் கப்பல் ஏறவில்லையா? அதுவும் வெளிநாட்டுப் பணம்தானே?

ஐ.டி. வேலை கொடுக்கிறது என்கிறார்கள். விவசாயமும் வேலைதான் கொடுக்கிறது. ஒரு ஏக்கர் கிழங்கு நட, களை எடுக்க, பிடுங்க, சுமக்க எத்தனை ஆள் வேண்டும் என்று வந்து பார்க்கட்டும்.

மலைக்கு ரோடு சரியில்லை, நெட்வொர்க் சரியில்லை, அதனால் கம்பெனி வராது என்கிறார்கள். இது எப்படி இருக்கிறது என்றால், கிணறு வெட்டாமல் விட்டுவிட்டு, உன் வயலில் தண்ணி இல்லை, ஆகவே உனக்கு விதை கிடையாது என்று சொல்வது போல இருக்கிறது. ரோடும் நெட்வொர்க்கும் போட வேண்டியவர் யார்? தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொடுப்போம் என்று அறிவித்தது யார்? அந்த எண்ணிக்கையில் நம்ம 14-ம் அடக்கம். மழை வந்தால் போன் செத்துப் போகிறது. பிரசவ வலி வந்தால் 108-ஐக் கூப்பிட மேட்டுக்கு ஓட வேண்டி இருக்கிறது. நெட்வொர்க் நமக்கு ஆடம்பரம் இல்லை அய்யா, உயிர்!

எங்கள் கோரிக்கைகள்

மத்திய, மாநில அரசுகளே!

1. செம்மேட்டில் அரசுக் கட்டடத்தில் குறைந்தது 50 இருக்கை கொண்ட கம்ப்யூட்டர் பணி மையம் அமைத்திடு! டெண்டர் கம்பெனிக்கு விடாதே! மலைவாழ் மக்கள் கூட்டுறவு சங்கத்தின் மூலமாகவோ மகளிர் குழுக்கள் மூலமாகவோ நடத்து!

2. முதல் மூன்று வருடத்துக்கு அரசுத் துறைகளின் பதிவேற்ற வேலையை அந்த மையத்துக்கு உறுதியாகக் கொடு! பெண் பிள்ளைகளுக்குப் பகல் ஷிப்ட் மட்டும். போய்வர வண்டி வசதி வேண்டும்.

3. கொல்லிமலை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் இன்றைய வேலைக்கு ஏற்ற கம்ப்யூட்டர் பயிற்சி கொடு! பழைய பாடத்தைச் சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகளின் காலத்தை வீணாக்காதே!

4. 14 ஊராட்சிக்கும் கேபிள் இணைப்பும், விட்டுப் போன ஊர்களுக்கு செல்போன் கோபுரமும், தடையில்லா மின்சாரமும் வழங்கு!

5. சம்பள மானியம், வரிச் சலுகை, அரசுக் கட்டடம் வாங்கும் ஐ.டி. கம்பெனிகள் பழங்குடி மாணவர்களுக்கு வேலையில் பங்கு கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போடு! எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு கொடுத்தாய், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று வருடா வருடம் பட்டியல் வெளியிடு!

6. மரவள்ளிக்கு அறுவடைக்கு முன்பே விலை அறிவித்திடு! மலையிலேயே அரசு எடை மேடையும், மாவுச்சத்து அளக்கும் மிஷினும் வை! கிழங்கு விவசாயிகளின் கூட்டுறவு ஆலைக்கு முதலீடு கொடு! ஒரு மினி டைடலுக்கு ஆன 30 கோடியில் பத்தில் ஒரு பங்கை முதலில் மலைக்கு ஒதுக்கு!

7. சாமை, தினை, கேழ்வரகை நியாய விலைக்குக் கொள்முதல் செய்து நம் பள்ளி, விடுதிப் பிள்ளைகளின் தட்டில் போடு! தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023-இல் ரேஷனில் கேழ்வரகு கொடுத்த அரசால் இங்கேயும் முடியும்.

8. மிளகு, காப்பி, அன்னாசி, பலாவுக்குக் கிடங்கும் பதப்படுத்தும் கூடமும் அமைத்திடு!

9. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி நிலுவையில் உள்ள மனுக்களை உடனே முடித்துப் பட்டா வழங்கு!

உறவுகளே!

வாரி வழங்கிய வல்வில் ஓரி ஆண்ட மலை என்று ஆடிப் பதினெட்டுக்கு வருடா வருடம் அரசாங்கமே விழா எடுக்கிறது. மேடையில் மந்திரிகள் நம்மைப் புகழ்ந்து பேசிவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிப் போய்விடுகிறார்கள். நமக்குப் புகழ்ச்சி வேண்டாம், பங்கு வேண்டும். நாம் கேட்பது பிச்சை இல்லை. கம்பெனிக்குப் போடுகிற அதே கணக்கை நமக்கும் போடு என்கிறோம். ஒரு நாற்காலிக்கு ஒரு லட்சம் கொடுத்த அரசு, அந்த நாற்காலியில் ஒன்றை மலையிலும் போடட்டும். மீதியை அது உட்கார்ந்திருக்கும் மண்ணுக்குக் கொடுக்கட்டும்.

கட்சி பார்க்க வேண்டாம். எந்தக் கட்சி ஆண்டபோதும் டைடல் கட்டினார்கள். எந்தக் கட்சி ஆண்டபோதும் நம்ம கிழங்குக்கு விலை வைக்கவில்லை. நாடு பார்க்க வேண்டாம், ஊர் பார்க்க வேண்டாம், பங்காளிச் சண்டை பார்க்க வேண்டாம். வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்கு செம்மேடு வட்டாட்சியர் அலுவலகம் முன் அமைதியான முறையில் ஆர்ப்பாட்டம். அன்றைக்குக் கிழங்கு பிடுங்க வேண்டாம், லோடு ஏற்ற வேண்டாம். வரும்போது ஆளுக்கு ஒரு குச்சிக்கிழங்கு கையில் எடுத்து வாருங்கள். படித்த பிள்ளைகள் சான்றிதழ் நகலோடு வாருங்கள். கிழங்கையும் சான்றிதழையும் ஒரே மேசையில் வைப்போம். இரண்டில் எதற்கு விலை சொல்கிறார்கள் என்று கேட்போம்!

சோளக்காட்டுச் சந்தையில் இதைப் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள். கீழே வேலைக்குப் போன பிள்ளைகளுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

உழைப்பவனுக்கு விலை வேண்டும்! படித்தவனுக்கு மலையிலேயே வேலை வேண்டும்!

மாடிக் கட்டடத்துக்குக் கொடுத்ததை மலைக்கும் கொடு!

அணிதிரள்வோம்! வென்றெடுப்போம்!

இவண்,
கொல்லிமலை 14 நாட்டு விவசாயிகள் சங்கத்தார்
செம்மேடு, நாமக்கல் மாவட்டம்